மொறுமொறுத்துப்போன பைப் புகையிலையைப் பதத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

பைப் புகையிலை காய்ந்துவிட்டது என்பதற்காகக் குப்பையில் போட வேண்டியதில்லை. இலை ஈரத்தை எப்படி விட்டதோ அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளும். அலமாரி மூலையில் வருடக்கணக்கில் கிடந்து, தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வந்த விர்ஜினியா வகை இலையைக்கூட மீட்க முடியும்.

ஆனால் வேலையைத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பி வருவது ஈரம்தான், மணம் முழுவதும் அல்ல. வெனிலா, செர்ரி, ரம் என்று உற்பத்தியின் கடைசிக் கட்டத்தில் தெளிக்கப்படும் மேல்மணங்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. போனது போனதுதான். இலையின் சொந்த ருசி ஓரளவு ஆழத்தில் இருப்பதால் அது தங்கும். இரண்டாவது, தண்ணீர் சேர்ப்பது சில நிமிட வேலை. அந்தத் தண்ணீர் ஒவ்வொரு இழைக்குள்ளும் ஒரே அளவில் பரவத்தான் நாட்கள் பிடிக்கும். கெட்டுப்போகும் முயற்சிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பகுதியைத் தாண்டிக் குதித்ததால்தான் கெடுகின்றன.

உண்மையிலேயே காய்ந்துவிட்டதா?

டின்னில் வரும் புகையிலையில் பெரும்பகுதி, புகைக்க வேண்டிய பதத்தைவிடக் கூடுதல் ஈரத்தோடுதான் அடைக்கப்படுகிறது. இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துச் சாமுவேல் காவித் நிறுவனத்தின் ஃபிளேக்குகள் (அழுத்தி மெல்லிய தகடுகளாக வெட்டிய புகையிலை) இதற்குப் பேர்போனவை. திறந்த உடனே பைப்பில் போட்டால் அணைந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும். இப்படிப்பட்ட டின்களுக்குப் பழகிய கைக்கு, சரியான பதத்தில் இருக்கும் இலைகூடக் காய்ந்ததாகத் தோன்றும். அதனால் தண்ணீரை எடுக்கும் முன் ஒரு சோதனை.

ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். அழுத்தியபடியே கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். மெல்ல விரிந்து, ஏறக்குறைய பழைய உருவத்துக்கு வந்தால் பதம் சரி. சரசரவென்று சத்தம் கேட்டு, விரலில் தூள் ஒட்டினால் காய்ந்துவிட்டது. ஃபிளேக்காக இருந்தால் வளைத்துப் பாருங்கள்: நல்ல ஃபிளேக் வளைந்த பிறகுதான் நார்நாராகப் பிரியும், காய்ந்தது அப்பளமாக உடையும்.

இந்தச் சோதனை பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வாசனை சேர்த்த கலவைகள் பலவற்றில் புரொப்பிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரின் இருக்கும். இவை இலையை எப்போதும் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். தண்ணீர் குறைந்த பிறகும் விரலுக்கு ஈரம்போலவே தெரியும். அத்தகைய கலவையைப் பைப்பில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சோளக்கட்டைப் பைப்பில் அரைக் கிண்ணம் நிரப்பிப் பற்றவையுங்கள். இலையில் உள்ள நீர் ஆவியாக வெப்பத்தை எடுத்துக்கொள்வதால்தான் கனல் நிதானமாக நகர்கிறது. அந்த நீர் இல்லையென்றால் புகையிலை கடகடவென்று எரிந்து, கிண்ணம் கைபொறுக்காத சூடாகி, ருசி மெலிந்து, நாக்கின் நுனி எரியும். அதிக ஈரமும் நாக்கைச் சுடும், ஆனால் வேறு வழியில்: நீராவியாக. அப்போது தண்டில் களகள என்று சத்தம் வரும், பத்துத் தடவை தீக்குச்சி கிழிக்க வேண்டியிருக்கும்.

காய்ந்த பதத்தையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். புகையூட்டிப் பதப்படுத்திய லட்டாக்கியா இலை கலந்த ஆங்கிலக் கலவைகள் சற்று உலர்ந்திருந்தால் புகைமணம் தெளிவாக வரும் என்பது பரவலான அனுபவம். உங்களுக்கும் அப்படித்தான் பிடிக்கிறது என்றால் இந்த வேலையே வேண்டாம்.

பூஞ்சையா, படிகமா?

பூஞ்சை பிடித்த புகையிலைக்கு வைத்தியம் கிடையாது. டார்ச்சும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு பாருங்கள். பழைய விர்ஜினியாவின் மேல் வெள்ளையாகப் புள்ளிகள் மின்னினால் பயப்பட வேண்டாம். அவை வருடங்கள் போகப்போக இலையின் மேற்பரப்பில் உருவாகும் படிகங்கள். கூர்மையாக, தனித்தனியாக, ஒளிபட்டால் பளிச்சிடும். பூஞ்சை மங்கலாக, பஞ்சுபோல் இருக்கும், ஒரு இழையிலிருந்து பக்கத்து இழைக்கு வலைபோல் படரும், பச்சை அல்லது சாம்பல் நிறமும் கலந்திருக்கும். மூக்கும் சொல்லும்: மூடிக்கிடந்த ஈரச் சாக்கின் முடை வீசும்.

பூஞ்சை என்று சந்தேகம் வந்தால் அந்த ஜாடியில் உள்ள மொத்தத்தையும் தூக்கிப்போடுங்கள். கெட்ட பகுதியை மட்டும் கிள்ளி எறிவது வேலைக்காகாது, வித்துகள் முழுவதும் பரவியிருக்கும். ஜாடியைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.

எவ்வளவு ஈரம் வேண்டும்?

மொத்த எடையில் தண்ணீரின் பங்கு 12 முதல் 15 சதவீதம் என்றால் பெரும்பாலானோருக்கு நன்றாகப் புகையும். விர்ஜினியா ஃபிளேக்குக்கு 13 முதல் 15, லட்டாக்கியா கலவைக்கு 12 அல்லது 13 என்று வைத்துக்கொள்ளலாம். பர்லி என்ற இலை வகை தண்ணீரை வேகமாகக் குடிக்கும், சீக்கிரம் விடவும் செய்யும். அதற்கு 13 போதும். இதற்கு மேல் ருசிதான் நீதிபதி.

இதையே காற்றின் கணக்கில் சொன்னால், மூடிய ஜாடிக்குள் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்துக்கும் 65 சதவீதத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். 70ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழிவிடுகிறீர்கள். ஜாடிக்குள் போடும் அளவிலான சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் அதை நம்பாமல் சரிபாருங்கள்: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் 24 மணி நேரம் மூடி வையுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. உள்ளே 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி 4 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். அதை நினைவில் வைத்துக்கொண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

தராசை எடுங்கள்

விரல் சோதனையை மட்டும் நம்பி நனைப்பவர்கள் ஒருமுறை மிஞ்சி, மறுமுறை குறைந்து, ஊசலாடிக்கொண்டே இருப்பார்கள். 0.1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு இன்னும் நல்லது.

50 கிராம் டின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பதை எடை போட்டால் 43 கிராம். நீங்கள் ஒன்றும் புகைக்கவில்லை என்றால் போன 7 கிராமும் ஏறக்குறைய தண்ணீர்தான். இந்த 7 கிராமையும் திருப்பிக் கொடுத்தால் டின்னைத் திறந்த நாளின் அதே அதிக ஈரம்தான் வரும். இழந்ததில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை போதும், அதாவது 3.5 முதல் 4.5 கிராம். முதலில் பாதியைக் கொடுத்து நிறுத்துங்கள். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஆரம்ப எடை தெரியாத உதிரிப் புகையிலைக்கு வேறு வழி. 2 கிராம் மாதிரியைத் துல்லியமாக நிறுத்து, அலுமினியத் தாளில் பரப்பி, 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் மின்சார ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் எடை குறைவது நிற்கும்வரை காய வையுங்கள். 1.86 கிராம் மிஞ்சினால் போனது 0.14 கிராம், அதாவது 7 சதவீத ஈரம். இந்த மாதிரியைப் புகைக்க முடியாது, எறிந்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாடை வீடெல்லாம் பரவும். கிளைக்கால் கலந்த இலையில் அதுவும் கொஞ்சம் ஆவியாவதால் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டும். நம் வேலைக்கு அது பரவாயில்லை.

இப்போது கணக்கு: வேண்டிய சதவீதத்திலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்து, புகையிலையின் எடையால் பெருக்கி, 100லிருந்து வேண்டிய சதவீதத்தைக் கழித்த எண்ணால் வகுக்கவும். 43 கிராமை 7லிருந்து 14க்குக் கொண்டுவர, 43ஐ 7ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 3.5 கிராம். ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு! இந்த எண்ணைப் பார்த்த பிறகு யாரும் குழாயடியில் காட்ட மாட்டார்கள்.

தண்ணீரும் சாமான்களும்

வடித்த நீர் (டிஸ்டில்ட் வாட்டர்) சிறந்தது. பெட்ரோல் பங்கிலும் மெக்கானிக் கடையிலும் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை வாங்காதீர்கள், அது வாயில் படும் பொருளுக்கான தரமல்ல. மருந்துக் கடையில் ஊசிக்கென்று விற்கும் ஸ்டெரைல் வாட்டர் 5 அல்லது 10 மில்லிக் குப்பிகளாகக் கிடைக்கும். ஒரு டின்னுக்கு ஒரு குப்பியே மிச்சம். அதுவும் இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக்கொள்ளலாம். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அந்த வாடை இலையில் ஏறும்.

ரப்பர் வளையம் வைத்த, வாய் அகன்ற கண்ணாடி ஜாடி வேண்டும். ஊறுகாய் இருந்த ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் மூடியில் வாசனை போகாது, புதியதை எடுங்கள். பீங்கான் அல்லது எவர்சில்வர் கிண்ணம், வெள்ளைப் பருத்தித் துணி, பழைய வாசனைத் திரவியம் எதுவும் இருந்திராத புதிய ஸ்பிரே பாட்டில். துணியை வெந்நீரில் மூன்று நான்கு தடவை அலசுங்கள். சலவைத்தூள் மணம் ஒட்டிய புகையிலையைக் காப்பாற்ற முடியாது.

ஈரமான புகையிலையை வெறுங்கையால் நெடுநேரம் பிசைந்தால் நிக்கோட்டின் தோல் வழியாக உள்ளே போய்த் தலைசுற்றலும் குமட்டலும் வரும். மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்தைக் குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஈரம் சேர்ப்பது நெருப்பை நிதானப்படுத்தும், புகையிலையின் கெடுதலைக் குறைக்காது.

வழி 1: மண் சில்லு, ஜாடி

பைப் கடைகளில் வட்டமான சுட்டமண் வில்லைகள் விற்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அது தேவையில்லை. எண்ணெய் படாத புதிய அகல் விளக்கு ஒன்று போதும், அதுவும் மெருகு பூசாத சுட்டமண்தான். அதைத் தண்ணீரில் போட்டு இரண்டு முறை கொதிக்க வைத்து, வெயிலில் முழுக்கக் காயவைத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த விளக்கு கூடாது.

1. விளக்கை வடித்த நீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, வெளியே ஒட்டிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். சொட்டுச் சொட்டக் கூடாது.

2. மறுபடி எடை போடுங்கள். கூடிய எடைதான் அது சுமக்கும் தண்ணீர். நம் உதாரணத்துக்குத் தேவை 3.5 கிராம். அதிகமாகக் குடித்திருந்தால் கொஞ்ச நேரம் காற்றில் வைத்துக் குறையுங்கள். குறைவாக இருந்தால் இரண்டு தவணையாகச் செய்யலாம்.

3. புகையிலையை ஜாடியில் தளர்வாகப் போடுங்கள். முக்கால் ஜாடிக்கு மேல் வேண்டாம். மேலே ஒரு சிறு அலுமினியத் தாள் தட்டு வைத்து, அதன்மேல் விளக்கை வையுங்கள். ஈர மண் இலையை நேரே தொட்டால் அந்த இடத்தில் கறை படியும்.

4. மூடிவிட்டு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஜாடியைச் சாய்த்து உருட்டிக் கலக்குங்கள். உருட்டும்போது விளக்கை வெளியே எடுத்துவிடுங்கள்.

5. இரண்டு மூன்று நாளில் விளக்கு தன் உலர் எடைக்கு அருகே வந்திருக்கும். வெளியே எடுத்து, புகையிலையை நிறுத்துப் பாருங்கள்.

தண்ணீர் ஆவியாகவே போய்ச் சேர்வதால் இலையில் கறையோ சொட்டோ கிடையாது. அவசரம் இல்லாதவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே.

வழி 2: ஈரப்பதப் பொட்டலம்

போவெடா போன்ற பொட்டலங்களுக்குள் உப்புக் கரைசல் இருக்கும். உறை நீராவியை மட்டும் இரு பக்கமும் விடும். பொட்டலத்தின்மேல் போட்டிருக்கும் எண் எதுவோ அந்த ஈரப்பதத்தில் ஜாடியை நிறுத்தும். மிஞ்சிப் போகவே முடியாது என்பது இதன் பெரிய பலம்.

எந்த எண்? 62 என்று பலர் சொல்வார்கள். காய்ந்த புகையிலையை மீட்க 65ஐ வாங்குங்கள். காரணம் இருக்கிறது: ஈரமாக இருந்து உலர்ந்துவரும் இலையும், காய்ந்து மீண்டும் ஈரம் ஏறும் இலையும் ஒரே காற்றில் ஒரே அளவு தண்ணீரைப் பிடிப்பதில்லை. ஒருமுறை முழுக்கக் காய்ந்த இலை அதே ஈரப்பதத்தில் சற்றுக் குறைவாகத்தான் வாங்கும். 62 போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்தும் இன்னும் காய்ந்தாற்போல இருக்கிறது என்று புலம்புவது இதனால்தான். மீட்ட பிறகு, வைத்திருப்பதற்கு 62 சரி.

அளவிலும் கவனம் தேவை. 8 கிராம் பொட்டலம் முழுவதும் தண்ணீர் அல்ல. மிகவும் காய்ந்த 50 கிராமுக்கு அது போதாது, கல்லாக இறுகிவிடும். 60 கிராம் பொட்டலம் ஒன்றைப் போட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேலை முடியும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

வழி 3: கிண்ணமும் ஈரத்துணியும்

இன்றைக்கே வேண்டும் என்பவர்களுக்கு. அகன்ற கிண்ணத்தில் புகையிலையை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். துணியை நனைத்து, கை வலிக்கும்வரை பிழிந்து, கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். துணிக்கும் புகையிலைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். தளர்ந்து தொங்கி இலையைத் தொடும் துணிதான் இந்த முறையின் ஒரே வில்லன். துணிமேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் ஈரம் வெளியே போகாமல் கீழேயே இறங்கும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து, விரல்நுனியால் மேலும் கீழும் புரட்டி, எடை பாருங்கள். ஷாக் போன்ற நூல்வெட்டு ஒரு மணி நேரத்திலேயே தேறிவிடும். நாடாபோல் வெட்டிய ரிப்பனுக்கு மூன்று முதல் ஆறு மணி நேரம். இலக்கு எடைக்கு அரை கிராம் குறைவாக இருக்கும்போதே நிறுத்துங்கள். இரவு முழுக்க இப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் மேலே ஈரக்களி, கீழே சருகு என்று இருக்கும்.

வழி 4: தெளிப்பு

வேகமானது, தவறு செய்ய எளிதானதும்கூட. ஸ்பிரே பாட்டிலின் துளை பனிபோல் தூவ வேண்டும், சொட்டாக விழக் கூடாது. பெரிய சொட்டு விழும் இடத்தில் இலையின் சர்க்கரையும் கேசிங்கும் (தயாரிப்பின்போது இலைக்கு ஊட்டிய சுவைக் கரைசல்) கரைந்து ஒரே இடத்தில் சேர்ந்து கருங்கறையாக நிற்கும். முதலில் பாட்டிலைத் தராசில் வைத்து ஒரு அழுத்தலுக்கு எத்தனை கிராம் போகிறது என்று பாருங்கள். தட்டில் பரப்பிய புகையிலைமேல் ஒரு அடி உயரத்திலிருந்து மொத்தத் தேவையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தூவி, புரட்டி, ஜாடியில் போட்டு மூடி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் அடுத்த பங்கு. ஒரே மூச்சில் முழுவதையும் தெளித்தால் ஜாடியின் அடியில் தண்ணீர் தேங்கி, பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும்.

காற்றே போதுமான ஊர்கள்

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கரையோர ஊர்களில் இரவுக் காற்றின் ஈரப்பதம் பல மாதங்களில் 75ஐத் தாண்டும். ஏ.சி. இல்லாத அறையில், மெல்லிய துணி மூடிய தட்டில் புகையிலையைப் பரப்பி, இரவு எட்டு மணிக்கு வைத்துக் காலை ஆறு மணிக்கு எடுத்தால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். புகையிலை விவசாயிகளும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். காய்ந்த இலையை வெயிலில் தொட்டால் நொறுங்கும் என்பதால், பனியில் இளகும் விடியற்காலையில்தான் கையாளுவார்கள். அடைமழைக் காலத்தில் மட்டும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

ஏ.சி. அறையில் இருப்பவர்களுக்கும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் டொரொன்டோ, லண்டன் வீடுகளில் இருப்பவர்களுக்கும் இது உதவாது. அந்தக் காற்றுதான் புகையிலையைக் காயவைத்த குற்றவாளியே.

ஃபிளேக், பிளக், ரோப்

அழுத்தி வெட்டிய வகைகளில் ஒரு விதி: ஈரம் ஏறும் முன் பிரிக்காதீர்கள். காய்ந்த ஃபிளேக்கை உதிர்த்தால் பாதி தூளாகிவிடும். தூள் பைப்பின் காற்றுத் துளையை அடைக்கும். ஃபிளேக்குகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், ஒற்றை அடுக்காகப் பரப்பி வழி 1 அல்லது 2ஐச் செய்யுங்கள். ரிப்பனுக்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். ஓரம் வளைகிறதே என்று ஏமாறக் கூடாது, நடுவில் பிடித்து வளைத்துப் பாருங்கள்.

பிளக்கும் (வெட்டாமல் அழுத்திய கட்டி) ரோப்பும் (கயிறாக முறுக்கியது) கட்டை போன்றவை. வெளியே மென்மையாகி உள்ளே காய்ந்தே கிடக்கும். 65 பொட்டலத்தோடு சிறிய டப்பாவில் அடைத்து ஒன்றரை மாதம் மறந்துவிடுவதே ஒரே வழி. கத்தி சத்தமின்றி இறங்கும்போது தயாராகிவிட்டது. தெளிப்பு இவற்றுக்கு வேண்டவே வேண்டாம்.

செய்யக் கூடாதவை

ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டி, ஆரஞ்சுத் தோல்: பழைய பைப்காரர்கள் கைமருத்துவமாகச் சொல்வார்கள். ஈரம் கொடுக்கும், உண்மைதான். கூடவே சர்க்கரை, மாவுச்சத்து, அதன்மேல் உட்காரும் பூஞ்சை வித்து எல்லாவற்றையும் ஜாடிக்குள் அழைத்துவரும். மண் சில்லு இருக்கும்போது இதற்கு என்ன அவசியம்?

கெட்டில் ஆவியில் காட்டுவது ஒரு நிமிடத்தில் இலையை இளக்கும். சூடு மிஞ்சியிருந்த மணத்தையும் கிளப்பிக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே மணம் இழந்த புகையிலைக்கு இது இரட்டை நஷ்டம். மைக்ரோவேவ் பற்றிப் பேசவே வேண்டாம். ரம்மோ விஸ்கியோ தெளிப்பது ருசிக்கான விளையாட்டு, ஈரம் சேர்க்கும் வழி அல்ல. ஆல்கஹால் பறந்துவிடும், அதில் உள்ள தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும். தேன் கரைசல் பைப்பின் கிண்ணத்தில் கருகி ஒட்டும்.

ஊற விடுதல்

எந்த வழியில் செய்தாலும் இந்தக் கட்டம் பொது. இலக்கு எடை வந்ததும் ஈரம் தரும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ஜாடியை இறுக்கி மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ரிப்பனுக்கு மூன்று நாள், ஃபிளேக்குக்கு ஒரு வாரம் குறைந்தபட்சம். முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் உருட்டுங்கள்.

இந்த நாட்களில் நடப்பது இதுதான்: வெளிப்பகுதி இழைகளில் 18 சதவீதமும் நடுவில் 9 சதவீதமுமாக இருக்கும் தண்ணீர் மெல்ல இடம் மாறிச் சமமாகும். அது நடக்கும் முன் புகைத்தால் கிண்ணத்தின் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அணையும். மானியை உள்ளே போட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் ஒரே எண் காட்டினால் சமமாகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் ருசி கொஞ்சம் திரண்டு வரும். முதல் வாரத்துச் சப்பென்ற தன்மையை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம்.

கோளாறும் சரிசெய்தலும்

ஈரம் மிஞ்சிவிட்டதா? வெள்ளைத் தாளில் பரப்பி, மின்விசிறிக்கு நேரே இல்லாமல், அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். ஒரு கிண்ணத்துக்கு மட்டும் என்றால் முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிடலாம்.

ஜாடியின் உட்சுவரில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் உடனே திறந்து துடையுங்கள். தண்ணீர் அதிகம் என்பது ஒரு காரணம். பகலில் சூடேறி இரவில் குளிரும் ஜன்னலோரத்தில் வைத்தது இன்னொரு காரணம்.

எரிவது சரி, ருசிதான் இல்லை என்றால் ஈரம் உங்கள் பிரச்சினை அல்ல. மேல்மணத்தை நம்பியிருந்த கலவைகளில் இதுதான் நடக்கும். அதை மூன்று பங்கு புதிய புகையிலைக்கு ஒரு பங்கு என்று கலந்து, இரண்டு வாரம் ஒன்றாக அடைத்து வையுங்கள். பர்லி அடிப்படையிலான பழைய கலவை இப்படிக் கலக்க மிகவும் ஒத்துவரும். விர்ஜினியாவோடு லூசியானாவின் பெரீக் என்ற புளிக்கவைத்த இலை கலந்த ஃபிளேக்குகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தாமாகவே தேறிவிடும், கலப்பு தேவைப்படாது.

தூள் நிறைய சேர்ந்துவிட்டால் டீ வடிகட்டியில் சலித்து எடுத்துவிடுங்கள். கிண்ணத்தின் அடியில் தூள் போகாமல் இருந்தால் போதும். சலித்ததைப் பற்றவைக்க உதவும் மேல் தூவலாக வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி காயாமல் இருக்க

திறந்த டின்னின் மூடி வெறும் தொப்பி, அது எதையும் அடைக்காது. ஜிப் பைகளும் நாளடைவில் ஈரத்தைக் கசியவிடும். திறக்காத டின்களிலும், வட்ட டின்களைவிடச் செவ்வக டின்கள் சீல் விடுவது அதிகம். வாங்கி வைத்திருப்பதை வருடம் ஒருமுறை எடை போடுவது வீண் வேலை அல்ல.

மீட்ட புகையிலையைச் சிறு ஜாடிகளாகப் பிரித்து வையுங்கள். 50 கிராமுக்கு ஒன்று என்றால், ஒன்றைத் திறந்து மூடும்போது மற்றவை பாதிக்கப்படாது. லட்டாக்கியா ஜாடி தனியாக இருக்கட்டும், அதன் மூடியைக்கூட வேறு புகையிலைக்கு மாற்றாதீர்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்: எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த இலைமேல் வெளிக்காற்று வியர்க்கும்.

ஜாடி ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி, புகையிலையின் பெயர், மூடிய தேதி, ஜாடியும் மூடியும் உள்ளிருப்பதும் சேர்ந்த மொத்த எடை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்காமலே தராசில் வையுங்கள். எடை அப்படியே இருந்தால் தொட வேண்டாம். ஒரு கிராம் குறைந்திருந்தால் கசிவது மூடியின் ரப்பர் வளையம்தான், அதை மாற்றுங்கள்.